தேய்மானக் கணக்கு: பெரிய வாகனத்துக்கு மாற்று டயர் தேர்ந்தெடுக்கும் முறை

வணிகவியலின் முதலாண்டுப் பாடத்திலேயே நாம் கற்கும் சொற்களுள் ஒன்று தேய்மானம். ஒரு சொத்து பயன்படப் பயன்பட அதன் மதிப்புக் குறைவதை அச்சொல் குறிக்கிறது. டயர் என்னும் சொத்தோ கண்முன்னே, மில்லிமீட்டர் மில்லிமீட்டராக, நேர்ப்பொருளிலேயே தேய்கிறது. வாகனக் கடன் பெற வரும் வாடிக்கையாளர்கள் வட்டி விகிதத்தையும் தவணைக் காலத்தையும் காப்பீட்டையும் நுணுக்கமாக விசாரிக்கிறார்கள். நான்கைந்து ஆண்டுகள் கழித்து, கடன் முடியும் தறுவாயில், அதே வாகனத்துக்கு ஐந்து டயர்கள் வாங்க நேரும்போது அந்த நுணுக்கம் பெரும்பாலும் காணப்படுவதில்லை. கடையில் இருப்பு என்ன, பக்கத்து வீட்டுக்காரர் என்ன பூட்டியிருக்கிறார், பார்வைக்கு எது மிடுக்காக இருக்கிறது என்பவையே முடிவைத் தீர்மானித்துவிடுகின்றன.

இந்த முடிவின் எடையை ஒரு சிறு கணக்கால் உணரலாம். ஃபார்ச்சூனர் போன்ற ஒரு பெரிய எஸ்.யு.வி. வாகனத்தின் எடை, ஆட்கள் ஏறுமுன்பே இரண்டு டன்னைத் தாண்டும். 2,100 கிலோ எடையுள்ள வாகனத்தின் டயர்களில் 30 பி.எஸ்.ஐ. காற்றழுத்தம் இருப்பதாகக் கொள்வோம். எடையை அழுத்தத்தால் வகுத்தால், நான்கு டயர்களும் சேர்ந்து தரையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ 1,000 சதுர சென்டிமீட்டர் என்று வரும். நம் கிளைகளில் விண்ணப்பம் அச்சிடும் ஏ4 தாள் இரண்டின் பரப்பைவிட அது குறைவு. ஏழு பேர் கொண்ட குடும்பம் அந்தப் பரப்பை நம்பித்தான் மலைப்பாதையில் திரும்புகிறது. மழையில் பிரேக் பிடிக்கிறது.

பெங்களூரில் வாழும் நம் வாடிக்கையாளர்களில் பலர் இப்போது ‘ஆல் டெரெய்ன்’ எனப்படும் ஏ.டி. வகை டயர்களை விரும்புகிறார்கள். அவை யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தா, வாங்கும்போது எவற்றைப் பார்க்க வேண்டும் என்பவற்றை இக்கட்டுரையில் ஒழுங்காகக் காண்போம்.

முதலில் ஓர் ஆண்டின் பயணக் கணக்கு

டயரைத் தேர்ந்தெடுக்கும் வேலையை வீட்டிலேயே, ஒரு தாளும் பேனாவும் கொண்டு தொடங்குவது நலம். கடந்த ஓர் ஆண்டில் வாகனம் ஓடிய தொலைவை மூன்று பத்திகளாகப் பிரித்து எழுதுவோம். முதற்பத்தியில் நகரச் சாலைகள்: அலுவலகம், பள்ளி, வெளிவட்டச் சாலை. இரண்டாவதில் நெடுஞ்சாலைகள்: ஓசூர், கிருஷ்ணகிரி வழியாகச் சேலத்துக்கும் சென்னைக்கும் செல்லும் சாலைகள், மைசூரு விரைவுச்சாலை. மூன்றாவதில் தார் இல்லாத வழிகள்: சக்லேஷ்பூர், குடகு, சிக்கமகளூரு காப்பித் தோட்டங்களுக்குள் செல்லும் மண்பாதைகள், சொந்த ஊரில் வயலுக்குப் போகும் வண்டிப்பாதை, ஜல்லி கொட்டிய புதுக் குடியிருப்புத் தெரு.

பெரும்பாலோரின் கணக்கில் மூன்றாம் பத்தி அவர்கள் நினைத்ததைவிடச் சிறியதாகவே இருக்கும். ஆண்டுக்கு இருமுறை தோட்ட விடுதிக்குப் போய்வந்த குடும்பத்துக்குப் பயணம் முழுவதும் கரடுமுரடானதாக நினைவில் நிற்கும். உண்மையில் சென்றுவந்த சுமார் 450 கிலோமீட்டரில், தார் இல்லாத பகுதி சில கிலோமீட்டர்களே இருந்திருக்கலாம். வரவு செலவு எழுதிப் பார்த்தவுடன் வீண்செலவு புலப்படுவது போல, பயணக் கணக்கை எழுதிப் பார்த்தவுடன் தேவை எது, ஆசை எது என்பது தெளிவாகிவிடும்.

மூன்று வகைகள்

எஸ்.யு.வி. டயர்கள் பொதுவாக மூன்று வகைப்படும். நெடுஞ்சாலை வகையை எச்.டி. என்பர். இதன் மேற்பரப்பில் வரிகள் நெருக்கமாகவும் கட்டைகள் சிறியனவாகவும் இருக்கும். ஓசை குறைவு, எரிபொருள் செலவும் குறைவு, ஈரமான தார்ச்சாலையில் நல்ல பிடிப்பு உண்டு. சேற்று வகையை எம்.டி. என்பர். பேச்சுவழக்கில் ‘பட்டன் டயர்’ என்று சொல்லப்படும் தோற்றம் இதற்குரியது. கட்டைகள் பெரியவை, இடைவெளிகள் ஆழமானவை. சேற்றை உதறித் தள்ளுவதில் வல்லது. தார்ச்சாலையில் இரைச்சலும் அதிர்வும் மிகுதி. நகரில் நாள்தோறும் ஓடும் குடும்ப வாகனத்துக்கு இது ஏற்றதன்று.

இவ்விரண்டுக்கும் நடுவே நிற்பது ஏ.டி. வகை. இதன் வரிப்பள்ளம் புதிதில் எச்.டி. வகையைவிட ஆழமாக இருக்கும். பக்கச்சுவர் தடிப்பாகவும், சில தயாரிப்புகளில் கூடுதல் அடுக்குகளோடும் அமைந்திருக்கும். கூர்மையான ஜல்லியும் பாறை விளிம்பும் பக்கச்சுவரைக் கிழிப்பதற்கு எதிரான காப்பே இவ்வகையின் மெய்யான பயன். பக்கச்சுவர் கிழிந்த டயரைப் பஞ்சர் ஒட்டிச் சரிசெய்ய இயலாது. அதை மாற்றியே ஆக வேண்டும் என்பதை நினைவிற்கொண்டால் இக்காப்பின் மதிப்பு விளங்கும்.

இந்தக் காப்புக்கு ஒரு விலையும் உண்டு. ஏ.டி. டயர் கனமானது, உருள்வதற்கு அதிக விசை வேண்டும், ஓசை கூடுதல். அகன்ற இடைவெளிகளால் தார்ச்சாலையைத் தொடும் ரப்பரின் அளவு குறைவதால், ஈரச்சாலையில் வாகனம் நிற்க எடுத்துக்கொள்ளும் தொலைவு நல்ல எச்.டி. டயரைவிடக் கூடுதலாக இருக்க வாய்ப்புண்டு. ஏ.டி. வகைக்குள்ளேயும் மென்மையானவை, முரட்டுத்தனமானவை என்ற வேறுபாடு இருக்கிறது. சாலைப் பயன்பாடு மிகுந்தோர் மென்மையான வகையை நாடலாம். பக்கச்சுவரில் மலையும் பனித்துகளும் கொண்ட சின்னம் இருந்தால், அது பனிச்சாலைக்கான சோதனையில் தேறியது என்று பொருள். கர்நாடகத்திலும் தமிழ்நாட்டிலும் ஓடும் வாகனத்துக்காக அச்சின்னத்துக்குத் தனியே விலை கொடுக்க வேண்டியதில்லை.

நம் பரிந்துரை எளிது. மூன்றாம் பத்தி மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவானால் எச்.டி. போதும். அதற்கு மேற்பட்டு, கல்லும் மேடுபள்ளமும் வழக்கமான பாதையாக இருந்தால் ஏ.டி. வாங்குவது நியாயமான செலவு. இது சட்டமன்று, முடிவெடுக்க உதவும் ஓர் அளவுகோல் மட்டுமே.

மழையும் வேகமும்

பெங்களூரு–மைசூரு விரைவுச்சாலை 2023 மார்ச் 12 அன்று திறக்கப்பட்டது. அதே மாதத்தில் பெய்த பருவம் தவறிய மழையில் ராமநகரம் அருகே அச்சாலையில் நீர் தேங்கிப் போக்குவரத்து தடைப்பட்டது. நூறு கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வாகனம் எதிர்பாராமல் நீர்ப்படலத்தின்மேல் ஏறும்போது என்ன நேர்கிறது என்பதை ஒவ்வொரு ஓட்டுநரும் அறிந்திருக்க வேண்டும்.

சாலையில் 3 மில்லிமீட்டர் ஆழத்துக்கு நீர் நிற்பதாகக் கொள்வோம். 265 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு டயர் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது, ஒவ்வொரு வினாடியும் சுமார் 20 லிட்டர் நீரைத் தன் வழியிலிருந்து ஒதுக்க வேண்டும். வீட்டுக்கு வரும் பெரிய தண்ணீர் கேன் ஒன்றின் அளவு அது. அந்நீர் வெளியேற வழி வரிப்பள்ளங்களே. பள்ளம் தேய்ந்துவிட்டால் நீர் வெளியேறாது. டயர் சாலையை விட்டு நீர்மேல் மிதக்கும். அந்நிலையில் ஸ்டீயரிங்கும் பிரேக்கும் பயன்தரா.

மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி கார்களின் வரிப்பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. இதைக் காட்டுவதற்காகவே பள்ளங்களின் அடியில் சிறு மேடுகள் அமைக்கப்பட்டுள்ளன. பக்கச்சுவரின் மேல்விளிம்பில் ‘டி.டபிள்யூ.ஐ.’ என்ற எழுத்துகளோ ஒரு சிறு முக்கோணமோ இருக்கும் இடத்துக்கு நேரே பார்த்தால் அம்மேடு தெரியும். மேற்பரப்பு அம்மேட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. அது சட்டம் விதிக்கும் கடைசி எல்லை. தென்மேற்குப் பருவமழையில் சிராடி மலைப்பாதையிலோ குடகிலோ செல்பவர்கள் 3 மில்லிமீட்டர் மீதமிருக்கும்போதே மாற்றிவிடுவது அறிவுடைமை. மொட்டையாகும்வரை ஓட்டி மிச்சப்படுத்தும் தொகை, ஒரு சிறு மோதலின் பழுதுச் செலவுக்கும் ஈடாகாது.

இந்தப் பிடிப்பை அளந்து பார்க்கவும் நம் நாட்டில் இப்போது ஏற்பாடு உண்டு. 2022ஆம் ஆண்டில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம், ஏ.ஐ.எஸ். 142 என்னும் தரநிலையின்படி டயர்களின் உருள் தடை, ஈரப்பிடிப்பு, உருளும் ஓசை ஆகிய மூன்றுக்கும் வரம்புகளைக் கட்டாயமாக்கி அறிவிக்கை வெளியிட்டது. டயர் வாங்கும்போது, இத்தரநிலையின்படி சான்று பெற்றதா என்று விற்பனையாளரிடம் கேட்பது நம் உரிமை.

2000ஆம் ஆண்டு கற்பித்த பாடம்

பெரிய எஸ்.யு.வி.யும் ஆல் டெரெய்ன் டயரும் சேர்ந்த உலகறிந்த வழக்கு ஒன்று அமெரிக்காவில் நிகழ்ந்தது. ஃபோர்டு எக்ஸ்புளோரர் வாகனங்களில் பெருமளவில் பூட்டப்பட்டிருந்த ஃபயர்ஸ்டோன் நிறுவனத்தின் ஏ.டி.எக்ஸ்., வில்டர்னஸ் ஏ.டி. ஆகிய டயர்கள் ஓடும்போதே மேற்பட்டை உரிந்து பிரிந்தன. கட்டுப்பாடு இழந்த வாகனங்கள் உருண்டன. 2000ஆம் ஆண்டு ஆகஸ்ட் 9 அன்று அந்நிறுவனம் டயர்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. அப்போது சுமார் 65 லட்சம் டயர்கள் சாலையில் ஓடிக்கொண்டிருந்ததாக மதிப்பிடப்பட்டது. அந்நாட்டுச் சாலைப் பாதுகாப்பு அமைப்பின் ஆவணங்கள், இவ்விபத்துகளோடு 270க்கும் மேற்பட்ட உயிரிழப்புகளைத் தொடர்புபடுத்தின.

டயரின் வடிவமைப்பும் தயாரிப்பும் காரணமா, வாகனத்தின் வடிவமைப்பு காரணமா என்று இரு நிறுவனங்களும் ஒன்றையொன்று சுட்டின. அவ்விவாதத்தில் வெளிவந்த ஒரு செய்தி நமக்கு முக்கியமானது. வாகன நிறுவனம் பரிந்துரைத்திருந்த காற்றழுத்தம் 26 பி.எஸ்.ஐ.; டயர் நிறுவனம் பின்னர் வேண்டும் என்று கூறியது 30 பி.எஸ்.ஐ. அழுத்தம் குறைந்தால் டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுழற்சியிலும் மிகுதியாக மடிந்து விரியும். மடிப்பு வெப்பமாகும். வெப்பமான பகுதியில், முழுச் சுமையோடு, நீண்ட நேரம் வேகமாகச் செல்லும்போது அவ்வெப்பம் டயரின் உள்ளடுக்குகளைப் பிரிக்கத் தொடங்கும். கோடையில் ஏழு பேரும் மூட்டைகளும் ஏற்றிக்கொண்டு வேலூர் வழியாகச் சென்னை செல்லும் வாகனத்தின் நிலையும் இதுவே.

இவ்வழக்கின் பின்னர் அமெரிக்கா புதுச் சட்டம் இயற்றியது. அதன் தொடர்ச்சியாகவே அங்குப் புதுக் கார்களில் டயர் அழுத்தத்தைக் கண்காணிக்கும் கருவி கட்டாயமாயிற்று. தடித்த தோற்றமுள்ள டயர், தன் தோற்றத்தால் மட்டும் பாதுகாப்புத் தருவதில்லை. சரியான சுமைத்திறனும் சரியான காற்றும் இருந்தால்தான் அது பாதுகாப்பானது. மணலிலும் சேற்றிலும் பிடிப்புக்காகக் காற்றைக் குறைப்பவர்கள், தார்ச்சாலை ஏறுமுன் மறுபடி நிரப்பத் தவறக் கூடாது.

பக்கச்சுவரைப் படிப்போம்

காசோலையில் ஒவ்வோர் எண்ணுக்கும் பொருள் இருப்பது போல, டயரின் பக்கச்சுவரில் உள்ள ஒவ்வோர் எண்ணுக்கும் பொருள் உண்டு. பெங்களூரை அடுத்த பிடதியில் தயாராகும் டொயோட்டா ஃபார்ச்சூனரில் காணப்படும் 265/65 ஆர்17 என்ற அளவை எடுத்துக்கொள்வோம். அதனுடன் 112 எஸ் என்ற குறியும் இருப்பதாகக் கொள்வோம்.

265 என்பது மில்லிமீட்டரில் டயரின் அகலம். 65 என்பது பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை விழுக்காடு என்பது. ‘ஆர்’ ரேடியல் அமைப்பைக் குறிக்கும். 17 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 112 என்பது சுமைக் குறியீடு. ஒரு டயர் 1,120 கிலோ தாங்கும் என்று பொருள். 110 என்றால் 1,060 கிலோ. 111 என்றால் 1,090 கிலோ. 116 என்றால் 1,250 கிலோ. கடைசி எழுத்து வேகக் குறியீடு. கியூ மணிக்கு 160 கிலோமீட்டர், ஆர் 170, எஸ் 180, டி 190, எச் 210.

நான்கு டயர்களும் சேர்ந்து 4,480 கிலோ தாங்குமே, நம் வாகனம் மூன்று டன்கூட இல்லையே, ஆகவே குறைந்த குறியீடு போதாதா என்று கேட்கத் தோன்றும். பிரேக் பிடிக்கும்போது முன்டயர்களிலும், வளைவில் வெளிப்பக்க டயர்களிலும், பள்ளத்தில் ஒரே டயரிலும் சுமை குவியும். அந்நேரங்களுக்காகவே அந்த இருப்பு வைக்கப்பட்டுள்ளது. ஆகவே வாகன உற்பத்தியாளர் தந்த சுமைக் குறியீட்டுக்கும் வேகக் குறியீட்டுக்கும் குறைவான டயரை எக்காரணம் கொண்டும் வாங்கலாகாது.

ஏ.டி. டயர்கள் சில, அளவுக்கு முன்னால் ‘எல்.டி.’ என்ற எழுத்துகளோடும், 120/117 போன்ற இரட்டைச் சுமைக் குறியீட்டோடும் வரும். இவை இலகு சரக்கு வாகன அமைப்பைச் சேர்ந்தவை. உறுதி மிகுந்தவை, ஆயினும் அதே சுமையைத் தாங்க இவற்றுக்குக் கூடுதல் காற்றழுத்தம் தேவைப்படும். கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அழுத்த அட்டவணை பழைய வகை டயருக்கானது. எல்.டி. வாங்கினால், புதிய அழுத்தம் எவ்வளவு என்பதை டயர் நிறுவனத்தின் அட்டவணைப்படி எழுதிப் பெற்றுக்கொள்ள வேண்டும்.

அடுத்து வயது. பக்கச்சுவரில் ஒரு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் தயாரானது. ரப்பர் ஓடாமல் இருந்தாலும் முதுமையடையும். ஐந்து ஆண்டுகளுக்குப் பின் ஆண்டுதோறும் வல்லுநரிடம் சோதிக்க வேண்டும், பத்து ஆண்டுகள் ஆனால் வரி மீதமிருந்தாலும் மாற்றிவிட வேண்டும் என்று டயர் நிறுவனங்கள் பல அறிவுறுத்துகின்றன. புதிய டயர் என்று விற்கப்படுவது இரண்டு மூன்று ஆண்டுகள் கிடங்கில் கிடந்ததாக இருந்தால், அதன் ஆயுளில் ஒரு பகுதியை நாம் பயன்படுத்தாமலே இழக்கிறோம். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்வோம். இந்தியாவில் விற்கப்படும் வாகன டயர்களுக்கு அது கட்டாயம்.

பெரிய டயர் பூட்டலாமா?

ஏ.டி. வாங்கச் செல்வோர் பலருக்கும் ஒரு சுற்றுப் பெரிய டயர் பூட்டும் ஆசை எழுவதுண்டு. 265/65 ஆர்17 டயரின் மொத்த விட்டம் 776 மில்லிமீட்டர். 265/70 ஆர்17 டயரின் விட்டம் 803 மில்லிமீட்டர். வேறுபாடு 3.4 விழுக்காடு. வேகமானி 100 என்று காட்டும்போது வாகனம் உண்மையில் 103 கிலோமீட்டருக்கு மேல் ஓடும். கனமும் விட்டமும் கூடுவதால் பிரேக்கின் வேலையும் கூடும். முழுத் திருப்பத்தில் டயர் சக்கர அறையில் உரசவும் கூடும்.

சட்டமும் இதில் உண்டு. மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து வேறுபடும்படி வாகனத்தை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2019 ஜனவரியில் கேரள வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் அப்பிரிவைக் கண்டிப்பாகவே விளக்கியது. விபத்துக்குப் பின் இழப்பீடு கோரும்போது இத்தகைய மாற்றம் கேள்விக்குள்ளாகலாம். உற்பத்தியாளர் தம் கையேட்டில் அனுமதித்த அளவுகளுக்குள் நிற்பதே நல்லது. அதே ஃபார்ச்சூனரின் வேறொரு மாதிரியில் வரும் 265/60 ஆர்18 டயரின் விட்டம் 775 மில்லிமீட்டர். ரிம் பெரிதானாலும் மொத்த விட்டத்தை உற்பத்தியாளர் மாற்றவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

பணக் கணக்கு

டயரின் விலையை ஒன்றின் விலையாகப் பார்க்காமல், கிலோமீட்டருக்கு எவ்வளவு என்று பார்ப்பதே சரியான முறை. பின்வரும் எண்கள் விளக்கத்துக்காக நாம் கொண்டவை. வாசகர்கள் தங்கள் எண்களை இட்டுக்கொள்ளலாம்.

எச்.டி. டயர் ஒன்று ரூ. 12,000, நான்கும் 60,000 கிலோமீட்டர் ஓடும் என்று கொண்டால், கிலோமீட்டருக்கு 80 காசு. ஏ.டி. டயர் ஒன்று ரூ. 15,000, நான்கும் 50,000 கிலோமீட்டர் ஓடும் என்று கொண்டால், கிலோமீட்டருக்கு ரூ. 1.20. வேறுபாடு 40 காசு. லிட்டருக்கு 12 கிலோமீட்டர் தந்த வாகனம் ஏ.டி. டயரில் 11.5 தருமானால், டீசல் லிட்டர் ரூ. 90 என்ற கணக்கில் கிலோமீட்டருக்கு மேலும் 33 காசு. ஆக 73 காசு. ஆண்டுக்கு 12,000 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு ரூ. 8,760 கூடுதல் செலவு. தோட்டப்பாதையில் ஆண்டுதோறும் ஒரு டயரைக் கல்லுக்குப் பலிகொடுப்பவருக்கு இது இலாபம். மாதம் ஒருமுறை நந்தி மலைக்குத் தார்ச்சாலையில் போய்வருபவருக்கு இது வெறும் தோற்றச் செலவு.

வரியில் ஒரு நற்செய்தி. 2025 செப்டம்பர் 22 முதல் புதிய டயர்களுக்கான சரக்கு மற்றும் சேவை வரி 28 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாகக் குறைந்துள்ளது. வரிக்கு முன் ரூ. 12,500 விலையுள்ள டயர் முன்பு ரூ. 16,000, இப்போது ரூ. 14,750. ஐந்து டயர்களுக்கு ரூ. 6,250 மிச்சம். முறையான வரிப் பட்டியல் இல்லாமல் வாங்கினால் இந்தக் குறைப்பு நமக்கு வந்து சேர்ந்ததா என்று அறிய வழியில்லை. உற்பத்திக் குறைபாட்டுக்கான உத்தரவாதத்தையும் கோர இயலாது.

‘கட்டணமில்லாத் தவணை’ என்ற அறிவிப்பைக் கண்டால் சற்று நின்று கணக்கிடுவோம். வட்டி பூச்சியம் என்று காட்டிச் செயல்முறைக் கட்டணத்தில் அதை மறைக்கும் திட்டங்கள் குறித்து ரிசர்வ் வங்கி 2013ஆம் ஆண்டிலேயே வங்கிகளுக்கு எச்சரிக்கை விடுத்திருக்கிறது. கடன் அட்டைத் தவணையில் வட்டிப் பகுதிக்கும் செயல்முறைக் கட்டணத்துக்கும் வரி சேரும் என்பதையும் மறக்க வேண்டா. மாறாக, தேய்மான நிதி ஒன்றை நாமே உருவாக்கலாம். மேற்சொன்ன ரூ. 60,000 மதிப்புள்ள டயர்கள் 50,000 கிலோமீட்டரை 50 மாதங்களில் கடக்கும். இன்று முதல் மாதம் ரூ. 1,200 தொடர் வைப்பில் இட்டுவந்தால், அடுத்த முறை டயர் வாங்கக் கடனே தேவைப்படாது.

காப்பீடு குறித்தும் ஒரு தெளிவு வேண்டும். வழக்கமான வாகனக் காப்பீட்டில் டயர் மட்டும் தனியே சேதமடைந்தால் இழப்பீடு இல்லை. விபத்தில் வாகனமும் சேர்ந்து சேதமுற்றால் மட்டுமே, டயரின் மாற்று விலையில் 50 விழுக்காடு வரை கிடைக்கும். டயருக்கான தனிப் பாதுகாப்பு கூடுதல் கட்டணத்தில் கிடைக்கிறது. அதன் விலக்குகளைப் படித்த பின்பே சேர்க்க வேண்டும்.

கடையிலும் கடைக்குப் பின்னும்

ஜே.சி. சாலையிலோ நம் பகுதியிலோ உள்ள விற்பனையாளரிடம் செல்லும்போது, கையேட்டில் உள்ள அளவு, சுமைக் குறியீடு, வேகக் குறியீடு ஆகிய மூன்றையும் எழுதிக்கொண்டு செல்வோம். டயரைப் பூட்டுவதற்கு முன்பே ஐந்தின் தயாரிப்பு வாரத்தையும் பார்ப்போம். வால்வுகளைப் புதிதாக மாற்றச் சொல்வோம். வீல் பேலன்சிங்கும் அலைன்மென்ட்டும் அன்றே முடிக்கப்பட வேண்டும். அலைன்மென்ட் தவறினால் புதிய டயரின் ஓரம் சில ஆயிரம் கிலோமீட்டர்களிலேயே தேய்ந்துவிடும்.

நான்கு சக்கரங்களும் இயங்கும் வாகனமாயின் நான்கு டயர்களையும் சேர்த்து, ஒரே வகையில் மாற்றுவதே முறை. விட்ட வேறுபாடு இயக்கப் பற்சக்கரங்களுக்குத் தீங்கு செய்யும். இரு சக்கர இயக்கமுள்ள வாகனத்தில் இரண்டு மட்டும் மாற்ற நேர்ந்தால், புதியவற்றைப் பின்னால் பூட்டுமாறு டயர் நிறுவனங்கள் அறிவுறுத்துகின்றன. ஈரச்சாலையில் பின்சக்கரம் வழுக்கினால் வாகனம் சுழலும். முன்சக்கரம் வழுக்குவதைச் சமாளிப்பதைவிட அதைச் சமாளிப்பது கடினம். ஸ்டெப்னியும் அதே விட்டத்தில் இருக்க வேண்டும். அதையும் சேர்த்து 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை இடம் மாற்றிப் பூட்டிவந்தால் ஐந்தும் ஒரே சீராகத் தேயும்.

காற்றைக் காலையில், வாகனம் ஓடுமுன், மாதம் இருமுறை பார்ப்பது நல்ல பழக்கம். பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கு 32 பி.எஸ்.ஐ. நிரப்பிச் சென்னை சென்றால், வெப்பநிலை ஒன்றாக இருக்குமாயின், அங்குள்ள அளவி ஏறத்தாழ 1.5 பி.எஸ்.ஐ. குறைத்துக் காட்டும். நீண்ட நாள் தங்குவோர் அங்கு மறுபடி சரிபார்த்துக்கொள்வது நலம்.

கழற்றிய டயர்களை வீட்டு மாடியில் போட்டுவைப்பது தவறு. தேங்கும் மழைநீரில் டெங்குக் கொசு பெருகும். 2022 முதல் பழைய டயர்களின் மறுசுழற்சிக்கு உற்பத்தியாளர்களே பொறுப்பேற்கும் விதிகள் நடைமுறையில் உள்ளன. விற்பனையாளரிடமே அவற்றை ஒப்படைத்து, பட்டியலில் அதற்குரிய தொகையைக் கழித்துக்கொள்ளச் சொல்லலாம்.

கற்றதைச் சரிபார்ப்போம்

1. 255/65 ஆர்18 111 எஸ் என்ற டயரின் விட்டம், சுமைத்திறன், வேக வரம்பு யாவை?
2. தயாரிப்புக் குறி 3821 எனில், அது எப்போது தயாரானது?
3. ஒரு குடும்பம் ஆண்டுக்கு 15,000 கிலோமீட்டர் ஓட்டுகிறது. அதில் 900 கிலோமீட்டர் மண்பாதை. எவ்வகை டயர் போதும்?

விடைகள்: முதல் வினாவுக்கு, விட்டம் சுமார் 789 மில்லிமீட்டர், சுமை 1,090 கிலோ, வேகம் மணிக்கு 180 கிலோமீட்டர். இரண்டாவதற்கு, 2021ஆம் ஆண்டின் 38ஆம் வாரம், அதாவது செப்டம்பர் மாதம். மூன்றாவதற்கு, மண்பாதை 6 விழுக்காடே ஆதலால் நல்ல எச்.டி. டயர் போதும், மிச்சமாகும் தொகையைத் தொடர் வைப்பில் சேர்க்கலாம்.

இந்த வார விடுமுறையில் வாகனத்தின் நான்கு டயர்களோடு ஸ்டெப்னியையும் வெளியே எடுத்து, அவற்றின் தயாரிப்பு வாரம், வரிப்பள்ளம், காற்றழுத்தம் ஆகியவற்றை ஒரு தாளில் குறித்துவைக்க வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறோம். அரைமணி நேரத்தில் முடியும் வேலை அது. மழைக்காலம் தொடங்குமுன் முடித்துவிடுவது நல்லது.